சிக்னல் எங்கே தொலைஞ்சு போகுது? ஆன்டெனா ஒயரின் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் நமக்குத் திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி. "ஹால்ல வைஃபை பறக்குது, பின் ரூம்ல சுத்திக்கிட்டே இருக்கு. ரௌட்டர்ல இருக்குற குச்சி ஆன்டெனாவைக் கழட்டிட்டு, ஆன்லைன்ல பெரிய ஆன்டெனா ஒண்ணு வாங்கி, பத்து மீட்டர் கேபிள் இழுத்துப் பின் ரூம்ல வெச்சா சரியாகுமா?"

ஆகாது. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு. கடையில சுலபமா கிடைக்குற மெல்லிசான கறுப்பு கேபிளுக்கு ஆர்ஜி-58னு பேரு. வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதுக்குள்ள போகும்போது மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் காலி. டெசிபல்னா பயப்பட வேண்டாம். 3 டெசிபல் போனா பாதி போச்சு, 10 டெசிபல் போனா பத்துல ஒரு பங்குதான் மிச்சம். அப்போ பத்து மீட்டர் கேபிளோட அந்தக் கோடியில ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்றது, ரௌட்டர் அனுப்பினதுல பத்துல ஒரு பங்கு. நீங்க காசு போட்டு வாங்கின 9 டெசிபல் ஆன்டெனா ஒரு பக்கமா எட்டு மடங்கு கூட்டிக் கொடுக்கும். பத்தால வகுத்து எட்டால பெருக்கினா? ஒண்ணுக்கும் கம்மி. பழைய குச்சி ஆன்டெனாவே மேல்.

அதாவது ஆன்டெனா சம்பாதிச்சதையெல்லாம் ஒயர் தின்னுடுது. ஆனா ஒயரை யாரும் சந்தேகப்படுறதே இல்ல. சிக்னல் வரலைன்னா இன்னும் பெருசா ஆன்டெனா வை, இன்னும் பவர் கூட்டு, அதுதான் முதல் யோசனை. இந்த யோசனைக்கு வயசு நூத்தி அறுபதுக்கும் மேல. அதுக்கு முதல் பலி அட்லாண்டிக் கடலுக்கு அடியில இருக்கு.

கத்தினா கேக்கும்னு நினைச்ச டாக்டர்

1858, ஆகஸ்ட் மாசம். அயர்லாந்தின் வாலன்ஷியாவிலிருந்து கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்து வரைக்கும் கடலுக்கு அடியில தந்திக் கேபிள் போட்டு முடிச்சாங்க. நடுவுல ஒரு செம்புக் கம்பி. அதைச் சுத்தி கட்டா பெர்ச்சா, அதாவது மலாயா காட்டு மரங்களிலிருந்து எடுத்த, ரப்பர் மாதிரியான ஒரு பால். அதுக்கு மேல இரும்புக் கம்பிக் கவசம். ரெண்டு கண்டத்துக்கு நடுவுல கப்பல்ல பத்து நாள் எடுக்கிற சேதி இனிமே நிமிஷத்துல போகும்னு ஊரெல்லாம் கொண்டாட்டம்.

ஆகஸ்ட் 16-ம் தேதி விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பின வாழ்த்துல இருந்தது 98 சொற்கள். போய்ச் சேர எடுத்துக்கிட்ட நேரம் சுமார் 16 மணி. ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம்!

ஏன் இவ்வளவு மெதுவா? நீளமான கேபிள்ல இந்தப் பக்கம் ஒரு "டக்"னு தட்டினா அந்தப் பக்கம் "டக்"னு வராது. மெதுவா ஏறி, மெதுவா இறங்கி, பக்கத்து எழுத்தோட கலந்து கொழகொழன்னு வரும். வில்லியம் தாம்சன், பின்னாளில் லார்ட் கெல்வின்னு நாம இயற்பியல் பாடத்துல படிச்சவர், இதை முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்: கேபிள் நீளம் ரெண்டு மடங்கானா தாமதம் நாலு மடங்காகும். அதனால கம்பியைத் தடிமனா போடுங்க, கேக்குற பக்கத்துல ரொம்ப நுட்பமான கருவி வைங்கன்னார். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு லேசாத் திரும்பினாலே, அதுல பட்டுத் தெறிக்கிற ஒளிப்புள்ளி சுவத்துல நகர்ற மாதிரி அவரே ஒரு கருவியும் செஞ்சார்.

கம்பெனியோட மின்சாரப் பொறுப்புல இருந்தவர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். படிச்சது மருத்துவம், மின்சாரம் சொந்த ஆர்வத்துல கத்துக்கிட்டது. தாம்சன் கணக்கை அவர் நம்பல. அந்தப் பக்கம் கேக்கலையா, இந்தப் பக்கம் இன்னும் பலமா அடி. அஞ்சடி நீளச் சுருள்களை வெச்சு சுமார் 2000 வோல்ட் கொடுத்தார். ஏற்கெனவே பலவீனமா இருந்த காப்பு உறை அதுல இன்னும் கெட்டுது. ஒரு மாசம் ஆகிறதுக்குள்ள கேபிள் செத்துப் போச்சு. லட்சக்கணக்கான பவுண்டு முதலீடு கடலுக்கு அடியில.

நிரந்தரமா வேலை செஞ்ச கேபிள் வந்தது 1866-ல. கிரேட் ஈஸ்டர்ன்கிற ராட்சசக் கப்பல் கொண்டுபோய் இறக்கினது. இதுல தடிமனான செம்பு, நல்ல காப்பு, கேக்குற பக்கம் தாம்சனோட நுட்பமான கருவி. கத்துறதை விட்டுட்டுக் காதைத் தீட்டினாங்க, வேலை முடிஞ்சுது.

காது கேக்காதவர் கண்டுபிடிச்ச கேபிள்

இங்கதான் என் ஃபேவரிட் ஆள் வர்றார். ஆலிவர் ஹெவிசைட். லண்டனின் கேம்டன் டவுன்ல பிறந்தவர், சின்ன வயசு நோயால காது மந்தம், காலேஜ் பக்கம் போனதில்லை. தந்தி ஆபரேட்டரா சில வருஷம் வேலை பார்த்தார். 24 வயசுல அதையும் விட்டுட்டு வீட்டுல உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சார். கம்பிக்குள்ள சிக்னல் எப்படி ஓடுதுங்கிறதுக்கு இன்னைக்கும் இன்ஜினியரிங் மாணவர்கள் படிக்கிற சமன்பாடுகள் அவர் எழுதினவை.

1880-ல இங்கிலாந்துல அவர் ஒரு பேட்டன்ட் வாங்கினார். யோசனை எளிமையானது. ஒரு கம்பி, அதைச் சுத்தி ஒரு குழாய், ரெண்டுக்கும் ஒரே மையம். போற மின்னோட்டம் நடுக் கம்பியில, திரும்புறது குழாயில. அப்படின்னா மின்புலமும் காந்தப்புலமும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்துல அடைஞ்சு கிடக்கும். வெளிய கசியாது, வெளி இரைச்சலும் உள்ள வராது. கோ-ஆக்சியல் கேபிள்னு நாம சொல்றது இதைத்தான். உங்க வீட்டு டிஷ்ஷிலிருந்து டிவி பெட்டிக்கு வர்ற கேபிளை வெட்டிப் பாருங்க: நடுவுல கம்பி, சுத்தி வெள்ளை பிளாஸ்டிக், அதுக்கு மேல ஃபாயிலும் பின்னலும், கடைசியா கறுப்பு உறை. ஹெவிசைட்டோட படம் அப்படியே.

அவருக்கு இதுல காசு எதுவும் வரல. 1880-ல இப்படி ஒரு கேபிளுக்குத் தேவையே இல்லை. தேவை வந்தது அமெரிக்காவில், தொலைபேசியும் டெலிவிஷனும் ஒண்ணா வந்தப்போ. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் லாயிட் எஸ்பென்ஷீட், ஹெர்மன் அஃபெல் ரெண்டு பேரும் 1929-ல ஒரே கேபிள்ல நூத்துக்கணக்கான பேச்சை அனுப்புற முறைக்கு பேட்டன்ட் கேட்டாங்க. 1936-ல நியூயார்க்குக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் நடுவுல சோதனை ஓட்டம். அதே வருஷம் பெர்லின் ஒலிம்பிக்ஸ் படம் ஒரு கோ-ஆக்சியல் கேபிள் வழியா லைப்ஸிக் வரைக்கும் போச்சு.

பிளாஸ்டிக் ஏன் வெள்ளையா இருக்குங்கிறதுக்கும் ஒரு கதை உண்டு. 1933-ல இங்கிலாந்தின் ஐசிஐ கம்பெனியில வேற எதையோ தேடின ஒரு உயர் அழுத்தச் சோதனை சொதப்பி, பாத்திரத்துல மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் பொருள் ஒட்டிக்கிட்டு இருந்தது. அதுதான் பாலித்தீன். அதிக அதிர்வெண்ல கட்டா பெர்ச்சா சிக்னலைக் குடிச்சுடும். பாலித்தீன் கிட்டத்தட்ட தொடாமலே விட்டுடும். இரண்டாம் உலகப் போர்ல ரேடார் கேபிள்களுக்கு அது உயிர்நாடி. ஆர்ஜி-58, ஆர்ஜி-6 மாதிரியான பேரெல்லாம் போர்க்காலத்துல அமெரிக்க ராணுவம் வெச்ச வரிசை எண்கள்தான். நம்ம தெருக்கோடி எலக்ட்ரிக்கல் கடையில "ஆர்ஜி சிக்ஸ் பத்து மீட்டர் கொடுங்க"ன்னு கேக்குறப்போ ராணுவ மொழி பேசுறோம்.

கடையில கேபிள் வாங்குறப்போ 50 ஓம், 75 ஓம்னு ரெண்டு ஜாதி இருக்கும். சுருக்கமா: நடுவுல காத்து மட்டும் இருக்குற கேபிள்ல சிக்னல் நஷ்டம் மிகக் குறைவா இருக்கிறது 77 ஓம் பக்கத்துல. அதிக பவர் தாங்குறது 30 ஓம் பக்கத்துல. வாங்குறது மட்டுமே வேலையா இருக்குற டிவிக்கு 75 போதும். அனுப்பவும் வேணும்னா நடுவுல ஒரு சமரசம், 50. அதனாலதான் வைஃபை ஆன்டெனா எல்லாம் 50 ஓம். ரெண்டையும் கலந்து மாட்டினா இணைப்புல கொஞ்சம் சிக்னல் மோதித் திரும்பிப் போகும். பெரிய விபத்து இல்லை, ஆனா தேவையும் இல்லை.

மொட்டை மாடி, ஜிஐ பைப், பூஸ்டர்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975, ஆகஸ்ட் 15. அதுக்கப்புறம் மொட்டை மாடிகள்ல மீன் முள்ளு மாதிரி ஒண்ணு முளைச்சுது. அதுக்குப் பேர் யாகி-உடா ஆன்டெனா. ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்துல ஷின்டாரோ உடா 1926-ல செஞ்சு காட்டினார். அவருக்கு மூத்த பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி 1928-ல ஆங்கிலத்துல எழுதினார். உலகம் ஆங்கிலத்துல படிச்சதால யாகி பேர் மட்டும் நின்னுது. உழைச்சவர் உடா. அதனால நாம இங்க ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்லுவோம்.

இதுல இன்னொரு வேடிக்கை. 1942-ல ஜப்பான் ராணுவம் சிங்கப்பூரைப் பிடிச்சப்போ பிரிட்டிஷ் ரேடார் பத்தின ஒரு நோட்டுப் புத்தகம் சிக்கினது. அதுல "யாகி"ன்னு ஒரு வார்த்தை அடிக்கடி வருது, யாருக்கும் அர்த்தம் புரியல. கைதியான ஒரு டெக்னீஷியனைக் கேட்டப்போ அவருக்கே ஆச்சரியம்: அது உங்க ஊர்ப் பேராசிரியர் பேர்தானே! சொந்த ஊர்ல கண்டுக்காத பொருளை எதிரி படிச்சு பயன்படுத்திக்கிட்டு இருந்தான்.

நம்ம மாடி ஆன்டெனாவிலிருந்து கீழ வந்தது பெரும்பாலும் கோ-ஆக்சியல் இல்லை. ரெண்டு கம்பி, நடுவுல தட்டையான பிளாஸ்டிக், ரிப்பன் மாதிரி இருக்கும். 300 ஓம் ஒயர். அப்பா அம்மாவைக் கேளுங்க, ஞாபகம் இருக்கும். விலை கம்மிங்கிறதால அது மட்டமான சரக்குன்னு நினைச்சுடாதீங்க. காஞ்சு போய், எதுவும் தொடாம இருந்தா அதுல நஷ்டம் கோ-ஆக்சியலைவிடக் குறைவு. ஆனா புலம் முழுக்க வெளிய இருக்கு. மழை நனைச்சாலோ, கடலோரத்துல உப்பு படிஞ்சாலோ, இரும்புப் பைப்போட சேர்த்துக் கட்டினாலோ சிக்னல் ஒழுகிடும். நாம என்ன செஞ்சோம்? ஜிஐ பைப்போட ஒட்டிக் கயிறு போட்டுக் கட்டி, மழைக்கும் விட்டோம். ஐப்பசி அடைமழையில படம் புள்ளி புள்ளியா வந்ததுக்கு வானத்தைத் திட்டினோம். மாடியில ஒருத்தர் பைப்பைத் திருப்பி "தெரியுதா?"ன்னு கத்த, கீழ இருந்து "இல்ல, இன்னும் கொஞ்சம்!"னு பதில் வந்த அந்தக் காலத்துல, பாதி நாள் குத்தவாளி திசை இல்லை, ஒயர்தான்.

தென்கடலோரத்துல இது இன்னும் தீவிரமான விஷயம். 1982-ல இலங்கையில ரூபவாஹினி ஆரம்பிச்சது. அதோட முக்கிய ஒலிபரப்பி நின்னது அந்த நாட்டின் உயரமான சிகரமான பீதுருதாலகாலையில, 2524 மீட்டர் உயரத்துல. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் சென்னை டிவி எட்டாது, கடலுக்கு அந்தப் பக்கம் எட்டும். சிங்களம் புரியுதோ இல்லையோ, ஓடுற படத்தைப் பாக்கணும், கிரிக்கெட் பாக்கணும். தென்கிழக்கு பாத்து உயரமான கம்பங்கள் ஏறின. கடல் மேல காத்து அடுக்குகள் சரியா அமைஞ்ச ராத்திரியில படம் பளிச்சுன்னு வரும். அடுத்த நாள் ஒண்ணுமே வராது.

அங்கதான் பூஸ்டர் வந்துச்சு. டிவி பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி, திருகுறதுக்கு ஒரு குமிழ். திருகத் திருகப் புள்ளியும் சேர்ந்து பெருசாகும், கவனிச்சிருப்பாங்க. காரணத்தை 1944-லயே பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் ஃப்ரிஸ் எழுதி வெச்சிருந்தார்: தொடர்ச்சியா பல கட்டம் இருந்தா, மொத்த இரைச்சலைத் தீர்மானிக்கிறது கிட்டத்தட்ட முதல் கட்டம்தான். ஆன்டெனாவிலிருந்து முப்பது மீட்டர் ஒயர் இறங்கி வந்தா முதல் கட்டம் அந்த ஒயர். அது சிக்னலைச் சாப்பிட்டு மெலிய வெச்ச பிறகு பூஸ்டர் எதைப் பெருக்கும்? மெலிஞ்ச சிக்னலையும், பூஸ்டரோட சொந்த இரைச்சலையும் சேர்த்துத்தான். அதே பூஸ்டரைக் கம்பத்து உச்சியில, ஆன்டெனா பக்கத்துலயே வெச்சா, ஒயர் தின்னாலும் மிச்சம் நிறைய இருக்கும். விவரம் தெரிஞ்ச மெக்கானிக்குகள் அப்படித்தான் மாட்டினாங்க. கரன்ட் மட்டும் அதே கேபிள் வழியா கீழிருந்து மேல போகும். இன்னைக்கு உங்க டிடிஎச் டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற எல்என்பி செய்யுறது இதேதான்: சிக்னல் வந்து விழுந்த இடத்துலயே பெருக்கி, அதிர்வெண்ணையும் குறைச்சு, அப்புறம்தான் கேபிளுக்குள்ள அனுப்பும்.

ரூல்ஸ் வந்த கதை

வைஃபைக்கு வேகமா வந்துடலாம். 1985-ல அமெரிக்க அரசு, மைக்ரோவேவ் அடுப்புக்கெல்லாம் ஒதுக்கி வெச்சிருந்த "குப்பை" அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமப் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டுச்சு. 802.11 தரம் வந்தது 1997-ல, வேகம் 2 மெகாபிட். இந்தியாவுல 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வீட்டுலயும் வெளியிலயும் லைசென்ஸ் தேவையில்லைன்னு விதி வந்தது 2005 ஜனவரியில. அதுலயும் வரம்பு உண்டு: ஆன்டெனாவோட சேர்த்துக் கணக்குப் போட்டா 4 வாட்டுக்கு மேல போகக்கூடாது. "ஹை பவர்"னு எழுதி விக்கிற பெட்டிகளை வாங்குறப்போ இது ஞாபகம் இருக்கட்டும்.

பவர் கூட்டினாலும் பிரயோஜனம் கம்மிங்கிறதுதான் உண்மை. வைஃபை ரெண்டு வழிப் பேச்சு. ரௌட்டர் எவ்வளவு கத்தினாலும், உங்க போன் பேட்டரியைக் காப்பாத்திக்கிட்டு மெல்லிசா பதில் சொல்லும். அந்தப் பதில் ரௌட்டருக்குக் கேக்கலைன்னா திரைல முழுக் கோடு காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. டாக்டர் வைட்ஹவுஸுக்கு இது புரிஞ்சிருக்காது.

இந்தப் பாடத்தை ஒழுங்காப் படிச்சவங்க வேலை நம்ம தேனி மாவட்டத்துல இருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்கள்ல சின்னப் பார்வை மையங்களைத் திறந்துச்சு. அங்க பயிற்சி பெற்ற ஊழியர் இருப்பார், டாக்டர் இருக்க மாட்டார். நோயாளி பஸ் ஏறித் தேனிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. அதனால பல பேர் போகவே மாட்டாங்க, கண்புரை முத்திக்கிட்டே இருக்கும். நல்ல இன்டர்நெட் அந்தக் கிராமங்களுக்கு வராத காலம் அது. 2005 வாக்குல பெர்க்லியிலிருந்து வந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவோட சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளையே உயரக் கம்பங்கள்ல ஏத்தி, ஒரே திசை பாக்குற ஆன்டெனா போட்டு, பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைச்சாங்க. கிராமத்துப் பாட்டி கேமரா முன்னாடி உக்காருவாங்க, தேனியிலிருந்து டாக்டர் வீடியோவுல பேசுவார்.

பவரைக் கூட்டி இதைச் செய்யல. வைஃபையோட விதியில ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "வந்துடுச்சு"ன்னு உடனே பதில் வரணும். தூரம் கூடினா பதில் லேட்டாகி, வரலைன்னு நினைச்சு மறுபடி அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்த விதியை மாத்தி, ரெண்டு பக்கமும் முறை வெச்சுப் பேசுற மாதிரி மென்பொருள் எழுதினாங்க. ரொம்பப் படுத்தினது வானம்கூட இல்லை, கரன்ட். வோல்டேஜ் ஏறி இறங்கி ரௌட்டர்கள் செத்துக்கிட்டே இருந்துச்சு. வோல்டேஜ் ரொம்பக் குறைஞ்சா தானா துண்டிச்சுக்கிற ஒரு சின்ன சர்க்யூட் வெச்ச பிறகுதான் நிம்மதி. இதே மாதிரி மென்பொருள் உத்தியோட வெனிசுவேலாவில எர்மான்னோ பியெத்ரோசெமோலி 2007-ல 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்புக் கொடுத்துக் காட்டினார், ரெண்டு மலை உச்சிக்கு நடுவுல.

இப்படிப்பட்ட நெடுந்தூர இணைப்புகள்ல வழக்கமா ரேடியோ பெட்டியையே ஆன்டெனாவுக்குப் பின்னாடி கம்பத்துல மாட்டிடுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல கேபிள் ஒரு சாண்தான். கீழ வரைக்கும் இறங்குறது லேன் கேபிள். அதுல போறது வைஃபை அலை இல்லை, டிஜிட்டல் தகவல். நூறு மீட்டர் வரைக்கும் குறையாம வரும்.

உங்க பின் ரூமுக்கும் இதேதான் பதில். முதல்ல ரௌட்டரை டிவி அலமாரிக்குள்ளேயிருந்து வெளிய எடுங்க; கதவு, பீரோ, ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி இதெல்லாம் வழியில இருந்தா வேற சுவர் பாருங்க. தலை உயரத்துக்கு மேல வைங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா கான்கிரீட் சுவர் தாண்டத் திணறும். தூரத்து ரூமுக்கு 2.4-ஐ விட்டு வைங்க. அதுக்கும் சரியாகலைன்னா ஆன்டெனா கேபிளை நீட்டாதீங்க. பின் ரூம் வரைக்கும் லேன் கேபிள் இழுத்து, அந்த நுனியில ரெண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட்டா மாட்டுங்க. சிக்னல் வேணுங்கிற இடத்துக்கே ரேடியோ போயிடும்.

லேன் கேபிள் வாங்குறப்போ ஒண்ணு கேளுங்க. அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசின கேபிள்தான் மலிவு விலையில நிறைய விக்குது, சிசிஏன்னு உறையில பொடி எழுத்துல இருக்கும். அது வேண்டாம், முழுச் செம்பு கேட் 6 கொடுங்கன்னு சொல்லுங்க. நுனியைக் கத்தியால சுரண்டிப் பாத்தா உள்ள வெள்ளையாத் தெரியுதான்னு கடையிலயே தெரிஞ்சுடும்.